சின்னமனூர் தாண்டாத வண்டி

பிப்ரவரி 19, திங்கள்

ஓய்வூதியர் சங்க வேலையாகக் காரில் உத்தமபாளையம் கிளம்பினேன். சின்னமனூர் கடைவீதியில் நெரிசல். முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வண்டி அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் வந்த மினிபஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பழக்கடைக்காரர் இரண்டு பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். அதில் ஒருவர், "பெட்ரோலுக்குப் பதிலா டீசலப் போட்டுட்டீகளாக்கா?" என்று கேட்டார். ஓட்டுவது பெண் என்றால் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

மகன் நிர்மலுக்குப் போன் செய்தேன். சென்னையில் ஆபீசில் இருந்தான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "பழைய வண்டிம்மா. கொஞ்சம் ஆறட்டும். அரைமணி நேரம் கழிச்சுப் போட்டுப் பாரு. ஸ்டார்ட் ஆனா அப்படியே வீட்டுக்குத் திரும்பிரு" என்றான். அவன் சொன்னபடியே பிடித்தது. தேனிக்குத் திரும்பினேன். சங்க வேலை நடக்கவில்லை.

தொலைபேசி இணைப்பகத்தில் டெக்னீசியனாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். அங்கே பழுது என்று வந்தால் முதலில் எழுதிவைக்க வேண்டும். கண்டதை மட்டும் எழுத வேண்டும், காரணத்தை எழுதக் கூடாது. காரணத்தை எழுதிவிட்டால் கண் அதையே தேட ஆரம்பித்துவிடும். கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. இந்த வண்டிப் பழுதையும் அப்படியே எழுதப்போகிறேன்.

புளி தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 21, புதன்

பைபாஸ் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கே ஒரு குறையும் தெரியவில்லை, நல்லபடியாக ஓடியது. பெட்ரோல் ஃபில்டரில் அடைப்பு இருக்கும் என்று மாற்றிக்கொடுத்தார்கள். பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடைப்பு எதுவும் இல்லை.

பிப்ரவரி 26, திங்கள்

மறுபடியும். சின்னமனூரைத் தாண்டுமுன், ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியபோது அணைந்தது. சத்தம் இல்லை, உதறல் இல்லை. விளக்கை அணைப்பதுபோல அணைந்தது.

நிர்மலைக் கூப்பிட்டு, "வண்டி நின்னுருச்சுப்பா" என்றேன்.

"சின்னமனூர்லயா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"ஏம்மா இந்த வெயில்ல அலையற? திரும்பிப் போ" என்றான். இருபது நிமிடத்தில் வண்டி பிடித்தது.

திரும்பத்தான் நினைத்தேன். ஆனால் உத்தமபாளையத்திலிருந்து மாசிலாமணி சாரைக் கம்பத்துக்கு அழைத்துப் போக வேண்டும். டிசம்பரில் அவருக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆயிற்று. வாரம் ஒருநாள் பிசியோதெரபி. பஸ் படி ஏற முடியாது, ஆட்டோ குலுக்கினால் இரண்டு நாள் படுத்துவிடுவார். நான் போகாவிட்டால் அவர் போக மாட்டார். அதனால் முன்னே எடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் இடத்தில் மறுபடி அணைந்தது.

சாருக்குப் போன் செய்து வர முடியவில்லை என்று சொன்னேன். "பரவாயில்ல தேனி. நான் இங்கயே வாக்கர வச்சு ரெண்டு நடை நடந்துக்கிறேன்" என்றார்.

அவர் என்னைத் தேனி என்றுதான் கூப்பிடுவார். அவர் உத்தமபாளையம் இணைப்பகத்தில் இருந்தார், நான் தேனியில். லைன் சோதனை செய்யும்போது "தேனி, பேசுங்க" என்பார். நான் "உத்தமபாளையம், கேக்குது" என்பேன். பல வருடம் ஆள் யாரென்றே தெரியாது. ஓய்வு பெற்றபின் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து யாரோ மைக் சரியில்லை என்று சொன்னார். அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

நேற்று எழுதியதில் பழுதுக்குச் சம்பந்தமில்லாதது நிறைய இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 1, வெள்ளி

ஒர்க்‌ஷாப்பில் இந்த முறை பெட்ரோல் பம்ப்பையே மாற்றிவிட்டார்கள். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் சின்ன மோட்டார் அது. பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுவது அதன் வேலை. கழற்றிய பம்ப்பை நேரடியாக பேட்டரியில் கொடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். மேனேஜர் சிரித்தார்.

"மேடம், வண்டியில ஒண்ணும் இல்ல. நீங்க கிளட்ச்ச டக்குன்னு விடுறீங்க. அதான் அணையுது. இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்? ஒரு டிரைவர் வச்சுக்கோங்க."

"கிளட்ச்சுல அணைஞ்சா மறுபடி திருப்புனதும் பிடிக்கும் தம்பி. அரைமணி நேரம் உக்கார வைக்காது. பழைய பம்ப்ப ஒரு கவர்ல போட்டுக் குடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டர் பேட்டரியில் இரண்டு வயர் வைத்துத் தொட்டேன். பழைய பம்ப் சுற்றுகிறது. நல்ல பம்ப்பைத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

சின்னமனூர் நெருங்கும்போது வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நானும் ஊர்ந்தேன். திடீரென்று எஞ்சின் செத்தது. புது பம்ப். ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. பின்னால் செங்கல் லாரி. கண்ணாடியில் அதன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். லாரிக்காரர் வலப்பக்கம் ஒடித்து எதிர்ப்புறப் பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். என் பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் போயிற்று.

அவர் இறங்கி வந்து திட்டுவார் என்று நினைத்தேன். வந்து பார்த்துவிட்டு, "தண்ணி குடிங்கம்மா" என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன், பாதி சேலையில் கொட்டியது.

நிர்மலிடம் வண்டி நின்றது என்று மட்டும் சொன்னேன். லாரி விஷயத்தைச் சொல்லவில்லை. பயந்துவிடுவான்.

மார்ச் 6, புதன்

நிர்மல் காலையில் பேசினான். வண்டியை விற்றுவிடலாம் என்கிறான். அவன் நண்பன் வினோத் ஆள் பார்த்து வைத்திருக்கிறானாம். பொங்கலுக்கு வந்திருந்தபோது, இந்த வினோத்தோடு சேர்ந்துதான் சர்வீஸ் பண்ணுகிறேன் என்று ஒரு நாள் முழுக்க வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

"வித்துட்டு எங்ககூட வந்து இரும்மா. பாப்பாவுக்கும் துணையா இருக்கும். உனக்கு அங்க என்ன இருக்கு?"

"எனக்கு இங்க வேலை இருக்கு."

"என்ன வேலை?"

அடுப்பில் பால் பொங்கியது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பால் உண்மையிலேயே பொங்கியது.

வண்டியை விற்கப் போவதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் என் கணவர் இல்லை. அவர் கடைசிவரை, "உனக்கெதுக்குடி ஸ்டியரிங்கு" என்று சொல்லிக்கொண்டே பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. வண்டி என் பெயரில் இருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

பழுது வரும் நிலைமையைக் கண்டுபிடித்தால்தான் பழுதைப் பிடிக்கலாம். காலையில் போடி போனேன், திரும்பினேன். ஒன்றும் ஆகவில்லை. மதியம் கொதிக்கிற வெயிலில் பெரியகுளம் தாண்டி வத்தலக்குண்டு வரை. சிவராத்திரிக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் மெதுவாக ஊர்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சூடு காரணமில்லை. தூரம் காரணமில்லை. மெதுவாகப் போவது மட்டும் காரணமில்லை.

உத்தமபாளையம் ரோட்டில் மட்டும் நிற்கிறது. ரோட்டுக்கும் பம்ப்புக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 11, திங்கள்

பஸ்ஸில் போனேன். மாசிலாமணி சாருக்கு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து கொண்டுபோனேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து நின்றார். கம்பத்துக்குப் போகவில்லை. மூன்று வாரம் விட்டுப்போயிற்று. இடது கால் முன்பைவிட இழுக்கிறது.

அவரிடம் வண்டி விவரம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் லைன் போகலைன்னா, அது கேபிள் பழுதா தேனி?" என்று கேட்டார்.

"இல்ல. யாராவது தடுத்து வச்சிருக்கணும்."

"ம்" என்றார். எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 13, புதன்

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் சிக்கந்தரைப் பார்த்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை. என் கதையைக் கேட்டதும் அவர் வண்டியைத் தொடவில்லை.

"இப்ப நல்லா ஓடுது. ஓடுற வண்டியில என்னத்தப் பாக்குறது? நிக்கும்போது பாக்கணுங்க்கா. நீங்க லைன் வேலை பாத்தவுங்க, உங்களுக்கே தெரியும்."

ஒரு அட்டையில் படம் போட்டுக் காட்டினார். பேட்டரியிலிருந்து கரண்ட் ஃபியூசுக்கு வருகிறது, அங்கிருந்து ரிலே என்கிற தானியங்கி ஸ்விட்ச்சுக்கு, ரிலேயிலிருந்து ஒரே வயர் வாசல்படிப் பிளாஸ்டிக்குக்கு அடியில் ஓடிப் பின்சீட்டுக்குக் கீழே பம்ப்பில் முடிகிறது. சாவியைத் திருப்பினால் பின்சீட்டிலிருந்து இரண்டு வினாடி 'ம்ம்' என்று ஒரு முனகல் கேட்க வேண்டும். அது கேட்டால் பம்ப்புக்குக் கரண்ட் வருகிறது என்று அர்த்தம்.

டெஸ்ட் லாம்ப் ஒன்று கொடுத்தார். ஊசி முனை, பேனா மாதிரி உடம்பு, உள்ளே குட்டி பல்ப். கரண்ட் இருந்தால் எரியும்.

இணைப்பகத்தில் ரிலேக்கள் சுவர் சுவராக நிற்கும். ஆயிரம் ரிலே ஒரே நேரத்தில் படபடக்கும்போது அதில் ஒன்று பிசகினால் காதுக்குத் தெரியும். இந்த வண்டியில் பம்ப்புக்கு இருப்பது ஒரே ஒரு ரிலே. அதுவும் என்னை ஏமாற்றுமா?

மார்ச் 18, திங்கள்

எழுத நிறைய இருக்கிறது.

தேர்தல் அறிவித்துவிட்டதால் சின்னமனூர் எல்லையில் பறக்கும் படைச் சோதனை. கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்கள். வேகம் குறைத்தேன். அவர்கள் முன்னால் போய் நிற்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது. டிக்கியைத் திறந்து பார்த்தார்கள். வாக்கருக்கு மாட்டும் புது ரப்பர் புஷ் நான்கும் ஒரு தூக்குச்சட்டியும் இருந்தன. போகலாம் என்றார்கள். எங்கே போவது? ஒரு பெண் போலீஸும் வீடியோ எடுக்கிற பையனும் தள்ளிப் புளியமரத்தடியில் விட்டார்கள்.

இந்த முறை நான் போன் செய்யவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

சாவியைத் திருப்பினேன். பின்சீட்டில் முனகல் இல்லை. ஃபியூஸ் இரண்டு பக்கமும் லாம்ப் எரிந்தது. ரிலேயைப் பிடுங்கிவிட்டு அதன் இடத்தில் ஒரு வயரால் இணைத்தேன். இப்போது ரிலே நன்றாக இருந்தாலும் கெட்டிருந்தாலும் ஒன்றுதான், பம்ப் சுற்றியே ஆக வேண்டும். சுற்றவில்லை. பின்சீட்டைத் தூக்கி பம்ப்பின் பிளக்கைக் கழற்றி எர்த் வயரைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. கரண்ட் வரும் வயரில் ஊசியை வைத்தேன். லாம்ப் எரியவில்லை.

முன்னால் கரண்ட் இருக்கிறது. பின்னால் இல்லை. நடுவில் வயர் அறுந்திருக்கிறது.

அறுந்த வயர் தானாக ஒட்டிக்கொண்டு அரைமணியில் எப்படி வேலை செய்யும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நிர்மல்.

"என்னம்மா, வெளிய எங்கயும் போனியா? போனே காணோம்?"

"வண்டி நின்னுருச்சு. பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீ எதுக்கு அதப் போட்டு நோண்டுற? நீ பாட்டுக்கு நடுரோட்டுல... சரி, இரு. கொஞ்சம் இரு." அவன் பக்கம் ஏதோ தட்டுகிற சத்தம். "ம், இப்பப் போட்டுப் பாரும்மா."

நான் எதையும் தொடவில்லை. போன் தோளுக்கும் காதுக்கும் இடையில் இருந்தது, ஊசி வயரில் இருந்தது. என் கையில் இருந்த லாம்ப் எரிந்தது.

"அம்மா? ஸ்டார்ட் ஆகுதா?"

"ஆகும்" என்றேன்.

மார்ச் 19, செவ்வாய்

வாசல்படிப் பிளாஸ்டிக்கை நெம்பி எடுத்தேன். கம்பெனி வயர்கள் எல்லாம் சொரசொரப்பான துணி டேப் சுற்றியவை. ஓரிடத்தில் மட்டும் கடையில் கிடைக்கிற கறுப்பு டேப். அதைப் பிரித்தேன். பம்ப் வயரை நறுக்கி நடுவில் ஒரு ரிலே வைத்திருக்கிறது. ரிலேயிலிருந்து ஒரு வயர் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டிக்குப் போகிறது. உள்ளே சிம் கார்டு. பச்சை விளக்கு மின்னுகிறது. வண்டி எங்கே போகிறது என்று யாருடைய போனிலோ காட்டும். அந்தப் போனில் விரலை வைத்தால் பம்ப் நிற்கும்.

டேப்பைச் சுற்றிப் பழையபடி மூடிவிட்டேன்.

மார்ச் 20, புதன்

இட்லிக்கு ஊறப்போட்டேன். அரைக்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

முதலில் திருட்டுப் பயத்துக்கு வைத்திருப்பான் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அது காரணம், கண்டது இல்லை.

கண்டது இதுதான்: போடிக்குப் போகும்போது நிற்கவில்லை. வத்தலக்குண்டுக்குப் போகும்போது நிற்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

சிக்கந்தரிடம் காட்டினேன். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. யார் என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்.

"மொத்தமாப் பிடுங்கித் தூக்கிப் போட்டுறவாக்கா?"

"வேணாம். பம்ப் வயர மட்டும் நேரா ஒட்டுங்க. பெட்டி இருக்கட்டும். அதுக்கு கரண்டும் இருக்கட்டும்."

"அப்ப நீங்க போற இடமெல்லாம் அவங்களுக்குத் தெரியுமே."

"தெரியணும். நிறுத்தத்தான் முடியக் கூடாது."

என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். ஈயத்தை உருக்க ஆரம்பித்தார். நானே பற்றவைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வருடக்கணக்கில் தொடாத கை. ஆனாலும் பற்று பளபளவென்று அமர்ந்தது.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். ரோடெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம். காவடிகளுக்கு வழிவிட்டு மெதுவாகத்தான் போக முடிந்தது. மெதுவாகவே போனேன். வீரபாண்டி தாண்டியது. சின்னமனூர் கடைவீதிக்குள் முதல் கியரில் நுழைந்தேன். வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கினேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஊரைத் தாண்டியதும் போன். ஓரங்கட்டினேன், எஞ்சினை அணைக்கவில்லை.

"அம்மா, எங்க போற?"

"உத்தமபாளையம்."

"வண்டி... நிக்கலையா?" என்றான்.

என் மகன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். வாய் தவறிவிட்டது. தவறியது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"இனிமே நிக்காதுப்பா" என்று சொல்லிவிட்டுக் கியர் போட்டேன்.

மாசிலாமணியைக் கம்பத்துக்கு அழைத்துப்போனேன். பூ வைத்திருக்கிறீர்களே என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 27, புதன்

இன்று காலை நிர்மல் வந்தான். ராத்திரி பஸ் பிடித்திருக்கிறான், கண் சிவந்திருந்தது. காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

"ஊர்ல என்ன பேசுறாங்கன்னு தெரியுமா? சித்தப்பா போன் பண்ணி அசிங்கமாக் கேக்குறாரு. உங்கம்மா வாராவாரம் எங்க போறான்னு கேக்குறாரு."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"அப்பா போயி மூணு வருசந்தாம்மா ஆகுது. அதுவும், அவங்க என்ன ஆளுங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு அந்தக் குரலைத் தெரியும். குரல்ல சாதி கேக்கலப்பா. நேர்ல பாத்தப்பவும் தெரியல. இப்ப நீ சொல்லித்தான் ஞாபகம் வருது."

"உன் பாதுகாப்புக்காகத்தாம்மா அத வச்சேன்."

அப்போதுதான் கோபம் வந்தது. அதுவரை வரவில்லை.

"பாதுகாப்பா? மார்ச் அஞ்சாம் தேதி மத்தியானம் நீ எங்க இருந்த?"

"அஞ்சாம் தேதியா? ஆபீஸ்ல. மீட்டிங்ல."

"மீட்டிங்ல உக்காந்துக்கிட்டே அமுக்குனியா? நான் டிராக்டருக்குப் பின்னாடி இருந்தேன். எனக்குப் பின்னாடி செங்கல் லாரி. எஞ்சின் நின்னா ஸ்டியரிங் திரும்பாதுன்னு உனக்குத் தெரியாதா? அந்த லாரிக்காரர் பள்ளத்துல இறக்கலைன்னா, அந்தப் பெட்டி காட்டுன இடத்துல வந்து நீ என்னை அள்ளியிருப்ப."

"லாரியா? நீ சொல்லவே இல்லையே..."

"நீ பயந்துருவேன்னு சொல்லல."

டம்ளரைக் கீழே வைத்தான். வைக்கத் தெரியாமல் வைத்தான், காபி தரையில் ஓடியது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. போய் அணைத்துக்கொள்ள வேண்டும் என்று கை துடித்தது. போகவில்லை. துணியை எடுத்துக் காபியைத் துடைத்தேன். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"நீயே கழட்டு."

காருக்குள் குனிந்து படுத்து, பிளாஸ்டிக்கை நெம்பத் தெரியாமல் நெம்பி, விரலைக் கீறிக்கொண்டு கழற்றினான். எந்த வயர் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. வினோத் வைத்ததாம். நான் பக்கத்தில் நின்று, "அந்தச் சிவப்ப விடு. மெல்லிசா கறுப்பு ஒண்ணு இருக்கு பாரு, அத எடு" என்று சொன்னேன். பெட்டியும் ரிலேயும் வெளியே வந்தன. பச்சை விளக்கு அணைந்தது.

"ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கிழமை சங்கக் கட்டடத்துல வச்சு அவரும் நானும் மாலை மாத்திக்கிறோம். மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீஸ். நீ வந்தா எனக்குச் சந்தோசம். வரலைன்னாலும் நடக்கும்" என்றேன்.

"வர மாட்டேம்மா."

"சரி. சாப்ட்டுட்டுப் போ."

சாப்பிட்டான். இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை. மத்தியானப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், காரில்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவன் என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தான், கிளட்ச்சை எப்படி விடுகிறேன் என்று.

ஏப்ரல் 3, புதன்

கொழுந்தன் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். தெருவே கேட்டது. அவர் முடிக்கும்வரை கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் மோர் வேண்டுமா என்று கேட்டேன். போய்விட்டார்.

ஏப்ரல் 15, திங்கள்

மாசிலாமணி வாக்கரை விட்டுவிட்டு ஒற்றைக் கோலோடு வாசல் வரை நடந்தார். பிசியோதெரபி பெண் கை தட்டினாள். மாலை மாற்றும்போது கோலை யார் பிடிப்பது என்று அவருக்குக் கவலை. அதற்குச் சங்கச் செயலாளர் இருக்கிறார் என்றேன்.

ஏப்ரல் 27, சனி

நிர்மலிடமிருந்து போன் இல்லை. மருமகள் ஷர்மிளா மட்டும் பேசினாள். "அவர் இன்னும் அப்படியேதான் அத்தை இருக்காரு. நீங்க பாத்து பத்திரமா இருங்க. சேலை என்ன கலர்?" என்று கேட்டாள். மாம்பழ மஞ்சள் என்றேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலையில் உத்தமபாளையத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். கல்யாணப் பெண் கார் ஓட்டி வருவதைப் பார்த்து சங்கத்து ஆட்கள் வாசலில் நின்று விசில் அடித்தார்கள், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். சிக்கந்தர் பெஞ்சாதியோடு வந்திருந்தார். ஒரு பக்கம் செயலாளர் கோலைப் பிடிக்க, மறுபக்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி மாலை போட்டார். மாலை என் காதில் மாட்டிக்கொண்டது. தாலி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். சாப்பாட்டில் பாயசம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

நிர்மல் வரவில்லை. நாற்காலி ஒன்றைக் காலியாக வைக்கச் சொல்லி யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனாலும் வாசலைப் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

சாயங்காலம் எல்லாரும் போனபின் மாசிலாமணி வீட்டு அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"அம்மா..." என்றான். பின்னால் பேத்தி எதற்கோ அழுகிற சத்தம் கேட்டது.

"எங்கம்மா இருக்க?" என்று கேட்டான்.

உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. தெரியாமல்தான் கேட்டான்.

"உத்தமபாளையத்துல" என்றேன். "எங்க வீட்டுல."